ரப்பரில் தொங்கும் மைக்

"அந்த மைக் கிளிப்பே போதுங்க, நீங்க ஒரு நிமிஷம் எழுந்து வந்தா..."

கமலினி முடிப்பதற்குள் புருஷன் ஜனார்தன் பாய்ந்தான். "எழுந்திருக்கிற பேச்சே இல்ல! ஒரகடம் ரோட்டுல லாரி போனாக்கூட கிளிப் வழியா மைக்ல இறங்குது. இந்த டொக் டொக்குக்கு, அதிர்வைத் தடுக்கிற ஷாக்மவுண்ட்தான் சரி."

கிளிப்பைக் கழற்றி எறிந்தான். புது வளையத்தின் ரப்பர்களுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, தேன் ஒழுகும் குரலில் தன் சேனலுக்குப் பேசினான்.

"நண்பர்களே, பெத்த தாயைவிடப் பெரிய கோயில் ஏது?"

பதிந்ததைப் போட்டுக் கேட்டான். "பாத்தியா, துளி சத்தம் இல்ல!"

கமலினி பக்கத்து அறைச் சுவரைக் கைகாட்டினாள்.

"மைக்குக்குத்தான் கேக்கல. வாய் பேச வராத உங்கம்மா, தூக்கி உக்கார வைக்கச் சொல்லி இன்னும் அந்தப் பக்கம் சுவத்தத் தட்டிக்கிட்டுதான் இருக்காங்க. என்னால தனியாத் தூக்க முடியல, இப்பவாவது வர்றீங்களா?"