நடுப்பகல் மின்சாரம்

மொட்டைமாடியில் இருந்த சோலார் பேனலும் கூடத்து மின்விசிறியும் ஒயர் வழியாகப் பேசிக்கொள்ளும்.

“இந்த வெயிலில் நான் இவ்வளவு மின்சாரம் தருகிறேன். நீ ஏன் சும்மா தொங்குகிறாய்?” என்று ஒரு சித்திரை மத்தியானம் பேனல் கேட்டது.

“வீட்டுக்காரன் இளங்கோவன் உத்தரவு. மிச்சமாகும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போனால் பில்லில் கழியுமாம். அதனால், ‘பகல்ல ஃபேன் போடாதீங்கப்பா’ என்று வயதான அப்பாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறான்.”

“பெரியவர் ஒன்றும் சொல்லவில்லையா?”

“‘சரிப்பா’ என்றார். ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு வெறும் தரையில் படுத்திருக்கிறார். அவ்வப்போது என்னைப் பார்க்கிறார். நானாகச் சுற்ற முடியவில்லையே.”

பேனலுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் வெயில் அடிக்கும்வரை அதனால் நிறுத்தவும் முடியவில்லை.

அந்த முறை பில் நன்றாகக் குறைந்தது. இளங்கோவன் அதை அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினான்.

அடுத்த வாரம் ஒரு பகலில், பேனல் தந்த மின்சாரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இறங்கியது.

“பெரியவர் இன்றைக்கு உன்னைப் போட்டுவிட்டாரா?” என்று பேனல் ஆசையாகக் கேட்டது.

“இளங்கோவன்தான் போட்டான், வந்தவர்களுக்காக” என்றது விசிறி. “பெரியவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் குளிர்ச்சியாகப் படுத்திருக்கிறார்.”