பெரட்டுப் பதிவு

லினக்ஸில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க முதலில் ஒரு வெற்று ஃபோல்டர் வேண்டும். டிஸ்க்கை அதில் இணைத்தால் உள்ளிருப்பது அங்கே தெரியும். ஜாசினில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஹரிதாஸ், மூடப்பட்ட ரப்பர் தோட்டத்து ஆபிஸ் டிஸ்க்கை அப்படித்தான் இணைத்தார். அருகில் தேவமலர். குடியுரிமைக்கான நீல அடையாள அட்டைக்கு அவளுக்கு, இறந்துபோன தன் அம்மா முனியாயி தோட்டத்தில் வேலை செய்த சான்று வேண்டும்.

விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணும் பதிவில் அம்மாவின் பெயர் இருந்தது. கடைசி வருகை, இன்று காலை ஐந்தரை.

“தேதி தப்பா இருக்கும் லா.”

“செத்து மூனு வருஷம் ஆச்சுண்ணே. இன்னுமா லீவு குடுக்கல? கழட்டிடுங்க, அம்மா போவட்டும்.”

உள்ளே யாராவது வேலையில் இருந்தால் லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்ற விடாது. ஹரிதாஸ் மூன்று முறை கட்டளை கொடுத்தார். மூன்று முறையும் ஒரே பதில்: டிஸ்க் வேலையில் இருக்கிறது.