தொழுவத்தில் மாட்டிய மானி

இத்தாலியின் வடக்கு மலைப் பள்ளத்தாக்கில், லடீன் என்ற சிறுபான்மை மொழி பேசும் குடும்பம் என்று சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது. வீட்டுப் பேச்சை அளக்க அரசு தந்திருக்கும் மானி தினமும் நாலு மணி நேரமாவது லடீன் பேச்சைக் கேட்க வேண்டும். இல்லையென்றால், லடீன் ஒதுக்கீட்டில் ஓத்தில்யாவுக்குக் கிடைத்த தபால் ஆபீஸ் வேலை போய்விடும்.

மானியைச் சோதிக்க வந்த ஆய்வாளர் தீத்தா வாசலில் நின்று லடீனில் ஏதோ சொன்னார். வாசலை மறித்து நின்ற ஓத்தில்யா நகராமல் சிரித்து மழுப்பினாள். அவர் ஒருக்களித்து உள்ளே நுழைந்தார்.

"மானி எங்கேம்மா?"

"தொழுவத்துல சார். அங்கதான் பேச்சு ஜாஸ்தி."

பொய்யில்லை. பால் கறக்கும் ரோபோ அங்கே பசுவை லடீனில் அதட்டிக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருந்தது. ஓத்தில்யாவும் கணவனும் வீட்டில் பேசுவது இத்தாலியன்தான்.

மானிக்குக் குறுக்கே பசு நின்றது. தீத்தா மெதுவாக லடீனில் ஒரு வாக்கியம் சொன்னார். பசு நகர்ந்து வழிவிட்டது.

"என்ன சார் சொன்னீங்க?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"'கொஞ்சம் வழி விடும்மா'ன்னேன். வாசல்ல உங்ககிட்ட சொன்னதும் இதேதான்."

மானியைக் கழற்றிக்கொண்டு அவர் திரும்பினார். ஓத்தில்யா தலையைக் குனிந்தபடி, பசுவின் பக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டாள்.