பச்சைக்கண் ரேடியோ

“ஆம்பளப் பையன் நர்ஸா? எங்க பரம்பரையில ஊசி போட்டுக்கிட்டவங்களே கிடையாது மேடம், போட்டுவிடறதுக்கு இவனா?”

கண்காணிப்பாளர் தன் அலுவலகத்தில் இப்படிக் குரல் உயர்த்தினால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். பள்ளியின் வேலைவாய்ப்பு ஆலோசனை அறையில் மின்விசிறிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மகன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

எதிரே, மாற்றலாகி வந்து சில நாட்களே ஆன ஆலோசகர் அம்மா. ஏறக்குறைய கண்காணிப்பாளர் வயதுதான்.

“ஊர்ல புதுசா ரெண்டு ஆஸ்பத்திரி சார். நர்சுக்குத் தவிக்கிறாங்க. தம்பியும் ஆசைப்படறான்.”

“அவன் ஆசை கிடக்கட்டும். இவன் பொறவி இன்ஜினீயர். ஏழு வயசுல ரேடியோவையே பிரிச்சுப் போட்டவன்!”

“அப்பா, நான் எப்போ...”

“பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதே!”

“அப்படியா! எப்படிப் பிரிச்சான்?” ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

கேட்டதுதான் தாமதம், கண்காணிப்பாளரின் மிடுக்கு கழன்று விழுந்தது.

“மரப்பெட்டி ரேடியோ மேடம். போட்டதும் பாடாது. மெல்ல சூடாகி, பச்சைக் கண்ணு முழிச்சு, தொண்டையைச் செருமிட்டுத்தான் பாடும். உள்ள யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தே ஆகணும். காய் நறுக்கற கத்தியால ஸ்க்ரூவைக் கழட்டினா, சூடும் தூசியும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்க... இன்னிக்கும் மூக்குலயே நிக்குது.”

“திரும்ப மாட்டினானா?”

“எங்க! நாலு ஸ்க்ரூ மிச்சம். டவுசர் பையில போட்டுக்கிட்டு ஒரே ஓட்டம். சாயங்காலம் அப்பா கையால முதுகு பழுத்துடுச்சு.” அறியாமல் தன் முதுகைத் தடவிக்கொண்டார். “‘மெக்கானிக் ஆகப் போறியா? ஒழுங்கா ஆபீஸ் வேலைக்குப் படி’ன்னு ஒரே போடு.”

மகன் மெதுவாகச் சொன்னான்: “நீங்க என்னை அடிச்சதே இல்லையேப்பா.”

முதுகைத் தடவிய கையைக் கண்காணிப்பாளர் மகன் தோளில் வைத்தார். பிறகு, “நர்சிங்னே எழுதிக்குங்க மேடம்” என்றார்.

“எழுதியாச்சு. இந்த ஊர்ல ரிப்பேர் பார்க்கவும் ஆள் இல்ல. சாயங்கால ரிப்பேர் வகுப்புல ஒரு இடம் காலி, வயசு வரம்பு கிடையாது.” ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நீ சேர்ந்துடு, திருப்புளி! அன்னிக்குத் தெருவே உன்னை அப்படித்தானே கூப்பிட்டுச்சு? நீ பிரிச்சுப் போட்ட எங்க வீட்டு ரேடியோவை எங்கப்பா கடைசிவரைக்கும் தூக்கிப் போடல. எங்க வீட்டுக்கு வரும்போது மறக்காம அந்த நாலு ஸ்க்ரூவையும் எடுத்துட்டு வாடா!”