வெட்டின புள்ளி

இன்னும் பதினெட்டு மணி நேரத்தில் தேவமலரின் தகப்பன் பரராசசிங்கம் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கப் போகிறார்.

சண்டை தமிழில் நடக்கும். அதை ஜேர்மன் மொழியில் சொல்ல வேண்டியவள் அவள்.

ஞாயிறு பின்னேரம், ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில், அவர்களுடைய ஒற்றை அறையில் அதற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தேத்தண்ணி குடித்தபடி இரண்டு ஆலோசகர்கள்.

நவரத்தினம் மாமா பீட்சாக்கடையில் கோப்பை கழுவுகிறவர். மருத்துவபீடத்தைத் தவறவிட்டவர். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை ஆறு புள்ளியால் தவறவிட்டார். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது அது நான்காகியிருந்தது. பீலெஃபெல்டுக்கு வந்து சேர இரண்டு.

சூசைதாசன் மாமாவுக்கு எஞ்சினியரிங் ஒரே ஒரு புள்ளியால் போனது. அதையும் குறைக்க வேண்டியிருந்ததால் இப்போது அரைப் புள்ளி என்கிறார்.

இருவரையும் கவிழ்த்தது தரப்படுத்தல். தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று இலங்கை அரசு வைத்த முறை. அநியாயம்தான். ஆனால் அதன் தலையில் சுமத்தியவற்றையெல்லாம் அது செய்திருக்க முடியாது.

தேவமலர் கடைசி வகுப்பு. வெள்ளிக்கிழமை அரையாண்டுப் புள்ளிகள் வந்தன. இந்த நாட்டில் கடைசி இரண்டு வருடத்துப் புள்ளிகளையும் பரீட்சையோடு சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் மருத்துவத்துக்கு எடுப்பார்கள்.

ஒரு பாடத்தில் பதினைந்துக்கு ஒன்று விழுந்திருக்கிறது, மற்ற அரையாண்டும் இப்படியே போனால் மருத்துவத்தை மறந்துவிடலாம் என்று வகுப்பாசிரியை சொன்னார். அதை அவள் அப்படியே வீட்டில் சொன்னாள்.

டொக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை மட்டுமல்ல. அவளுக்கும் அதே ஆசை. வில்லங்கமே அதுதான்.

எந்தப் பாடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னரே எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது.

"இஞ்சையும் தரப்படுத்தல் துவங்கிட்டாங்கள்," என்றார் அப்பா.

வணக்கத்தோடு ஆரம்பிக்கலாம் என்றார் நவரத்தினம் மாமா. வணக்கம் வைத்தால் பயந்துவிட்டோம் என்று நினைப்பார்கள் என்றார் சூசைதாசன் மாமா. குற்றவாளி கெமிஸ்ட்ரி வாத்தியார்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அந்தத் தாடியைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

தாடிக்காரர் அவளுக்குப் பதின்மூன்று போட்டிருந்தார்.

பிறகு அப்பா தன் தியாகங்களைச் சேர்த்தார். பிள்ளையை ஒரு கலியாணவீட்டுக்கும் அனுப்பியதில்லை. வீட்டில் ரிவி இல்லை. புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் படிப்பே நடப்பதில்லை, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்க் கொண்டுவருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. அந்த நேரம் வீணாகக் கூடாதென்று, கிழமைதோறும் காய்ச்சல் என்று சொல்லி அவளை மறித்து, நவரத்தினத்திடம் பௌதிகம் படிக்க வைத்தார்.

அந்தக் காய்ச்சலைத் தொலைபேசியில் பள்ளிக்கூடத்துக்குச் சொன்னவளும் அவள்தான்.

நவரத்தினம் மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு வரிக்கும் அவளிடம் ஜேர்மன் கேட்டார்கள். அவள் சொன்னாள். அநீதி, இனத்துவேசம், அகதியின் கண்ணீர், எல்லாம் அவள் வாயால் வெளியே வரும்போது, அப்பா கொஞ்சம் கவலைப்படுகிறார் என்ற ஒரே வசனமாகச் சுருங்கின. மூன்று ஆண்களும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

கடைசி வரிக்கு அப்பா எழுந்து நின்றார். கையை நீட்டி, என் மகளுக்கு இந்தப் பாடத்தில் வெட்டின புள்ளியை இப்பவே திருப்பித் தா என்று சொல்ல வேண்டும்.

'இந்த' என்ற இடத்தில் கை அப்படியே நின்றது. அங்கே ஒரு பெயர் வேண்டியிருந்தது.

"எந்தப் பாடத்திலை பிள்ளை வெட்டினவங்கள்?"

அவள் நவரத்தினம் மாமாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"புதன்கிழமைப் பாடத்திலை, அப்பா. நீச்சல்."