டென்ஷன் எவ்வளவு?

"மிஸ், ரெண்டு பிளாக்குக்கும் சேர்த்து ஆக்சிலரேஷன் ரெண்டுன்னு வருது" என்றாள் போனில், ராஜகீழ்ப்பாக்கம் பிசிக்ஸ் டியூஷன் மாணவி சினேகா.

"கரெக்ட். இப்போ பின்னாடி பிளாக்கை மட்டும் தனியா எடுத்துக்கோ. ஃபிரிக்‌ஷனை விட்டுடாதே. கயித்துல டென்ஷன் எவ்ளோன்னு சொல்லு." பல்லைக் கடித்தபடி, சுஜி போனைக் கணவன் காலேபிடம் நீட்டினாள். "கட் பண்ணிடாதீங்க."

அவளை உள்ளே அழைத்துப் போனதும் கதவு சாத்திக்கொண்டது. காலேப் வெளியே நடையாய் நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சார், டென்ஷன் எவ்ளோன்னு மேடம் கேக்கறாங்க."

"உயிரே போகுது சிஸ்டர்!"

"உங்க டென்ஷன் இல்ல சார். ஏதோ பிளாக்கோட டென்ஷனாம்."

காலேப் அவசரமாக ஸ்பீக்கரைப் போட்டான்.

"எட்டு நியூட்டன், மிஸ்!"

"கரெக்ட்!" பிரசவ அறைக்குள்ளிருந்து சுஜியின் குரல் கணீரென்று வந்தது.

அந்தக் குரலோடு சேர்ந்து, உலகத்துக்கே புதிதான இன்னொரு குரலும் வீறிட்டுக்கொண்டிருந்தது.