பேராசிரியரின் பறவை

"கண்ணாடியை மட்டும் மாத்து தம்பி. அந்தப் பறவை மேல விரல் படக் கூடாது," என்றார் பேராசிரியர்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் படத்தை மேசையில் கிடத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் வரைந்ததன் அச்சுப்படம் அது. அறுவடை முடிந்த வயல், அதற்கு மேல் அகண்ட வானம், வானத்தின் வலது ஓரத்தில் எள்ளளவில் ஒரு கறுப்புப் பறவை.

பேராசிரியரின் பேரும் புகழும் அந்தப் பறவை போட்ட பிச்சை. முப்பது வருடமாக அவருக்குப் பிடித்த ஒரே ஓவியர் இந்தப் படத்தை வரைந்தவர்தான். வீட்டில் பேச்சு கத்திரிக்காயில் ஆரம்பித்தாலும் இவரிடம்தான் வந்து முடியும். இன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய நானூறு பக்க ஆராய்ச்சி நூல் வெளியாகிறது. அட்டையிலும் பறவை, தலைப்பிலும் பறவை. துணைவேந்தர் வேறு வருகிறார். மேடையில் வைக்க வேண்டிய படத்தின் மீது காலையில் பார்த்து மனைவியின் ஒட்டடைக் கம்பு இடித்து, கண்ணாடியின் கீழ்மூலை விரிசல் விட்டுவிட்டது.

"படத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க. கண்ணாடிதானே?" என்று வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே கூட வந்திருந்தாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கைத்துணியை அந்தப் படத்தின் பக்கமே அவர் விட்டதில்லை. தொடைக்கிறேன் பேர்வழி என்று தன் படிப்பையே தொடைத்துவிடுவாள் என்று பயம்.

கடைக்காரர் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "இதே படம் நாலஞ்சுக்குச் சட்டம் போட்டிருக்கேன் சார். பறவையைப் பார்த்த ஞாபகமே இல்லையே."

பேராசிரியருக்குக் குஷி பிறந்துவிட்டது. மற்ற பிரதிகளில் எல்லாம் அச்சகத்தார் பறவையைக் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று பத்துக் கட்டுரைகளில் நிறுவியவர் அவர். பறவையே கிடையாது என்று எழுதிய வெளிநாட்டு நிபுணர் ஒருவரைக் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி வாயை அடைத்தவர். பூதக்கண்ணாடியில் இறக்கைகளை எண்ணியவர் ஆயிற்றே.

"வயலை யார் வேணும்னாலும் வரைவான் தம்பி. அந்த மனுஷன் தன்னோட தனிமையை எல்லாம் அந்தப் பறவைலதான் வச்சான். அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்."

சொல்லும்போதே அடைத்தது. அதில் மட்டும் நடிப்பில்லை.

கடைக்காரர் பின்பலகையைக் கழற்றிப் படத்தை மெல்ல உருவி மேசையில் வைத்தார். வயல் இருந்தது. வானம் இருந்தது. பறவையைக் காணோம்.

"என்னய்யா பண்ணே? பறவை எங்கே?" பேராசிரியர் மேசை மேல் குனிந்து தேடினார்.

கடைக்காரர் பழைய கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலது ஓரத்தில் இருந்த கறுப்புப் புள்ளியை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதோ கண்ணாடியில இருக்கு சார், ஈ எச்சம்," என்றவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "புதுசு போடட்டுமா, இல்ல இதையே தொடைக்காம மாட்டித் தரட்டுமா?"